கடையில் வாங்கினா ஒரு நாள்... கையால் பின்னினா ஒரு மாசம்! வீட்டில் செய்யும் பரிசில் அப்படி என்ன இருக்கு?

தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் கைகள் சும்மா இருப்பதில்லை. ஒருவர் மடியில் பையை விரித்து மல்லிகை தொடுப்பார். இன்னொருவர் கீரை ஆய்ந்துகொண்டே வருவார். மற்றவர்கள் கையில் செல்போன். இவர்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு கொக்கி ஊசியும் நூல் உருண்டையும் கண்ணில் படும்.

"இது என்னம்மா, யாருக்கு?" என்று பக்கத்து சீட்காரர் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தங்கச்சிக்கு வளைகாப்பு. பிறக்கப்போற குழந்தைக்கு ஒரு தொப்பி."

அதே தொப்பியை ஆப்பில் ஆர்டர் போட்டால் நாளைக்கே குரோம்பேட்டை வீட்டு வாசலில் வந்து நிற்கும். விலையும் அதிகமில்லை. அப்படி இருக்கும்போது ஏன் ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து பின்ன வேண்டும்? அதில் என்ன மகிழ்ச்சி? அந்த உழைப்புக்கு யார் விலை போடுவது? முதல் முறை செய்பவர்கள் எங்கே தொடங்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நிட்டிங், குரோஷா, தையல்: என்ன வித்தியாசம்?

மூன்றையும் சேர்த்து 'ஊசி வேலை' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் செய்யும் முறை வேறு வேறு.

தையல்: துணி ஏற்கெனவே இருக்கும். அதை வெட்டி, ஊசியும் நூலும் கொண்டு இணைப்பது. கையாலும் தைக்கலாம், மெஷினிலும் தைக்கலாம்.

நிட்டிங்: இங்கே துணியே நூலில் இருந்துதான் பிறக்கிறது. இரண்டு நீளமான ஊசிகளில் கண்ணி கண்ணியாகக் கோத்து ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் பின்னுவார்கள். ஒரு வரிசையில் உள்ள எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் கீழே வரை பிரிந்துகொண்டே போகும்.

குரோஷா: ஒரே ஓர் ஊசி. அதன் முனையில் சின்ன கொக்கி. ஒரு கண்ணியை முடித்த பிறகுதான் அடுத்த கண்ணி. அதனால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், எந்த இடத்திலும் தொடரலாம். பல்லாவரத்தில் விட்டு மீனம்பாக்கத்தில் எடுக்கலாம். ரயிலில் நிட்டிங்கைவிட குரோஷா வசதியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு விஷயம். நிட்டிங் என்றால் ஊட்டி, சிம்லா, ஸ்வெட்டர் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வெயில் காலத்தில் நாம் போடுகிற பனியனும் நிட்டிங் துணிதான். திருப்பூரில் அதை மெஷின் பின்னுகிறது, அவ்வளவுதான். பனியனை இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் அந்தக் கண்ணிகளால்தான்.

நிட்டிங்குக்கு மெஷின் வந்துவிட்டது. தையலுக்கும் வந்துவிட்டது. ஆனால் குரோஷாவுக்கு, தொழிற்சாலை அளவில் அதே பின்னலை அப்படியே போடும் மெஷின் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. கடையில் தொங்குகிற உண்மையான குரோஷா பை எதுவாக இருந்தாலும், அதை ஒரு மனிதக் கை பின்னியிருக்கிறது என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விலை பற்றிப் பேசும்போது மறுபடி வருவோம்.

சென்னையில் விரிந்த உலகின் பெரிய போர்வை

'இதெல்லாம் பாட்டி காலத்து வேலை' என்று சொல்பவர்களுக்கு ஒரு தேதி: 2016 ஜனவரி 31.

அன்றுதான் சென்னையில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு குரோஷாவில் பின்னிய உலகின் மிகப்பெரிய போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தது. குழுவைத் தொடங்கியவர் சுபஸ்ரீ நடராஜன். போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஒரு சர்வதேச கால்பந்து மைதானத்தைப் போல சுமார் ஒன்றரை மடங்கு.

இவ்வளவு பெரிய போர்வையை ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பின்னவில்லை. இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரவர் வீட்டில் சதுரம் சதுரமாகப் பின்னினார்கள். சமையல் முடிந்த பிறகு, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு, அலுவலகம் விட்டு வந்த பிறகு என்று கிடைத்த நேரத்தில் போட்ட சதுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு போர்வையானது.

அந்தத் தேதியையும் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணீரில் நின்று சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு போர்வை என்பது எவ்வளவு பெரிய பொருள் என்று தாம்பரம் பக்கம் அப்போது யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மாபெரும் போர்வையும் காட்சிப்பொருளாக மடித்து வைப்பதற்காகப் பின்னப்பட்டது அல்ல. சாதனை முடிந்ததும் பிரித்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பதே திட்டம். கட்டில் அளவுக்கு, ஒன்றரை மீட்டர் அகலம் இரண்டு மீட்டர் நீளம் என்று கணக்குப் போட்டால், அந்தப் பரப்பில் 3,700 போர்வைகளுக்கு மேல் வரும்.

குழு அதோடு நிற்கவில்லை. 2017-ல் 14 கிலோமீட்டருக்கும் நீளமான ஸ்கார்ஃப் பின்னியது. தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு முனையைப் பிடித்தால், மறு முனை கிட்டத்தட்ட கிண்டியைத் தொட்டுவிடும். 2018-ல் 58,917 குரோஷா உருவங்களைக் காட்சிக்கு வைத்தது. இரண்டுமே கின்னஸ் பதிவுகள்.

இந்த வேலை நம்ம ஊருக்கு எப்போ வந்தது?

கையால் பூ வேலை செய்து கொடுப்பது நமக்குப் புதிதல்ல. நீலகிரியின் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் பூத்தையலுக்கு எந்த வரைபடமும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே வடிவம் கொண்டுவருவார்கள். அந்தப் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

லேஸ் வேலை வேறு வழியில் வந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1821-ல் நாகர்கோவிலில் தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிக்கப்பட்டதே 1855-ல்தான். லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை விடுவித்துக்கொண்ட பெண்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்பது வரலாறு.

ஆக, பொழுதுபோக்கு என்று நாம் சொல்லும் இதே வேலை ஒரு காலத்தில் ஒரு பெண்ணின் விடுதலைக்கான விலையாகவும் இருந்திருக்கிறது.

நம் வீடுகளுக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமா? ஒயர் கூடை. பழைய புடவையில் கட்டிய தூளி. பிறந்த குழந்தைக்குத் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்த துணி. புதுத் துணியைவிடப் பலமுறை துவைத்த துணிதான் குழந்தையின் தோலுக்கு மெத்தென்று இருக்கும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். இவற்றை யாரும் 'கைவினைப் பரிசு' என்று பெயர் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அதுவேதான்.

பின்னும்போது மனசுக்கு என்ன ஆகுது?

பின்னல் போடுபவர்களிடம் கேட்டால் 'மனசு லேசாகுது' என்பார்கள். இதை ஆய்வாளர்களும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

2013-ல் பிரிட்டிஷ் தொழில்வழி சிகிச்சை ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. ஜில் ரைலி, பெட்சன் கார்க்ஹில், கிளேர் மோரிஸ் ஆகியோர் இணையம் வழியாகப் பல நாடுகளில் 3,545 நிட்டிங் ஆர்வலர்களிடம் கருத்து கேட்டிருந்தார்கள். அடிக்கடி பின்னுபவர்கள், அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாக அதிகம் சொன்னார்கள். குழுவாகச் சேர்ந்து பின்னுவதற்கும் தனிப் பலன் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஒரு எச்சரிக்கை. இது ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்களிடம் நடந்த கருத்துக்கேட்பு. பின்னினால் மனச்சோர்வு குணமாகும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மனநலப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஊசியும் நூலும் கூடத் துணையாக இருக்கலாம், அவ்வளவே.

ஆனாலும் அனுபவத்தில் இது புரியக்கூடிய விஷயம்தான். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. மனசு கண்ணிகளை எண்ணுகிறது. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் போனை எடுக்க முடியாது. தப்பு வந்தால் உருவிவிட்டு மறுபடி போடலாம், நூல் வீணாகாது. வேலை எவ்வளவு முடிந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். வீட்டு வேலையில் அது நடப்பதே இல்லை. துலக்கிய பாத்திரம் அடுத்த வேளைக்கே மறுபடி தொட்டியில் கிடக்கும். பின்னிய வரிசை பின்னியபடியே இருக்கும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, சேலையூரிலோ மாடம்பாக்கத்திலோ அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு இதன் பொருள் இன்னும் கொஞ்சம் அதிகம். 'பேத்திக்குப் பின்னுறேன்' என்பதில் அந்த நாளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு ஒரு ஆளும் இருக்கிறார்.

வாங்கிக்கிறவங்களுக்கு உண்மையிலேயே சந்தோஷமா?

இதிலும் இரண்டு ஆய்வுகள் சுவாரஸ்யமானவை.

முதலாவது, 2015-ல் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்' இதழில் வந்தது. கையால் செய்த பொருளில் செய்தவரின் அன்பு கலந்திருப்பதாக மக்கள் உணர்கிறார்கள் என்றது அது. அதனால்தான் நெருக்கமானவர்களுக்குப் பரிசு வாங்கும்போது கைவேலைப் பொருளைத் தேடுகிறார்கள் என்றும் சொன்னது.

இரண்டாவது, 'ஐகியா விளைவு' என்று பெயர் பெற்ற 2012 ஆய்வு. தாங்களே செய்த பொருளுக்கு மனிதர்கள் கூடுதல் மதிப்பு போடுகிறார்கள் என்று மைக்கேல் நார்ட்டன் குழு காட்டியது. முதல் முறை காகிதத்தில் உருவம் மடித்தவர்கள், தங்கள் படைப்பைக் கைதேர்ந்தவர்கள் செய்ததற்குச் சமமாக நினைத்தார்கள். ஆனால் வெளியாட்களுக்கு அது ஏறக்குறைய கசங்கிய காகிதம்தான்!

இந்த இரண்டாவது ஆய்வு, பரிசு செய்பவர்களுக்கு ஒரு செல்லக் கொட்டு. நமக்கு நம் மப்ளர் பேரழகு. சென்னையில் வாழும் மாமாவுக்கு அது பீரோவில் கிடக்கும் உல்லன் துண்டு. எனவே 'எனக்கு எது பின்ன ஆசை' என்பதற்கு முன்னால் 'அவருக்கு எது பயன்படும்' என்று யோசிக்க வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. வேலையை முழுசாக முடித்தால்தான் அந்த மதிப்பு வருகிறது. பாதியில் நின்றால் வருவதில்லை. அதனால் முதல் பரிசு சின்னதாக இருக்கட்டும்.

'சும்மாதானே இருக்கீங்க, எனக்கும் ஒண்ணு!'

அழகாகப் பின்னத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கும் வார்த்தை இது. ஒரு விசேஷத்தில் நான்கு பேர் பார்த்துவிட்டால் நான்கு ஆர்டர் வரும். 'நூல் காசு நான் கொடுத்துடுறேன்' என்பதும் கூடவே வரும்.

இங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. பரிசில் போகிற நேரம், கொடுப்பவர் தானாகத் தருவது. யாருக்கு, எவ்வளவு என்பதை அவர் தீர்மானிக்கிறார். அதே நேரத்தை மற்றவர் 'சும்மா இருக்கும் நேரம்' என்று எடுத்துக்கொண்டால் அது பரிசு இல்லை, கூலி இல்லாத வேலை.

இது சின்ன மனக்கசப்பு மட்டுமல்ல. ஆந்திராவின் கோதாவரி டெல்டாவில் உள்ள நரசாபுரம், குரோஷா லேஸுக்குப் பெயர் பெற்ற ஊர். மிஷனரிகள் வழியாக 19-ம் நூற்றாண்டில் அங்கே வந்த வேலை, பின்னாளில் பெரிய ஏற்றுமதித் தொழிலானது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டில் உட்கார்ந்து பின்னிய பெண்களின் லேஸ் உலகச் சந்தைக்குப் போனது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம். காரணம், அவர்கள் தொழிலாளிகளாகவே எண்ணப்படவில்லை. 'வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள்' என்ற ஒரே வாக்கியம் கூலியைக் கீழே தள்ளப் போதுமாக இருந்தது.

தாம்பரத்துக்கே வருவோம். சானடோரியம் பக்கம் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் 1984-ல் தொடங்கியது. அங்கே ஆயத்த ஆடை தைக்கும் பெண்களுக்கு ஷிஃப்ட் உண்டு, சம்பளம் உண்டு, பி.எஃப். உண்டு. அதே தையலை வீட்டில் உட்கார்ந்து செய்தால் 'டைம் பாஸ்' என்று பெயர். ஊசி ஒன்றுதான், இடம்தான் வேறு.

அப்படின்னா விலை சொல்வது எப்படி? ஒரு சாதாரணக் கணக்கு. ஒரு குழந்தைத் தொப்பிக்கு நூல் 100 ரூபாய், பின்ன 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். '200 ரூபாய்க்குத் தாங்க' என்று ஒருவர் கேட்டால், நூல் போக மீதி 100 ரூபாய். மணிக்கு 20 ரூபாய். பேன்சி ஸ்டோருக்குப் போன பஸ் செலவு இதில் சேரவில்லை.

எனவே விற்பதாக இருந்தால் நூல் செலவு, மணிக் கணக்கில் கூலி, பஸ் - கூரியர் செலவு மூன்றையும் கூட்டிச் சொல்லுங்கள். கேட்டவர் பின்வாங்கினால் பரவாயில்லை. பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் காசே வாங்க வேண்டாம். இரண்டும் கலந்த 'நூல் காசு மட்டும்' என்பதில்தான் பெரும்பாலும் மனவருத்தம் வருகிறது.

வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். குரோஷாவுக்குத் தொழிற்சாலை மெஷின் இல்லை என்று மேலே பார்த்தோமே... நம்பவே முடியாத குறைந்த விலையில் ஒரு குரோஷா டாப்ஸ் கிடைத்தால், அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தது கடைக்காரராக இல்லாமல் எங்கோ பின்னிய ஒரு பெண்ணாக இருக்கலாம்.

தையலைத் தொழிலாகவே எடுக்க விரும்பும் பெண்களுக்குத் தமிழக அரசின் சமூக நலத்துறையில் 'சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்' இருக்கிறது. ஆதரவற்ற விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கானது. வருமான வரம்பு, வயது, தையல் தெரிந்ததற்கான சான்று போன்ற நிபந்தனைகளை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் பரிசு: எங்கே தொடங்குவது?

நம்ம வெயிலுக்கு உல்லன் வேண்டாம். சென்னையில் உல்லன் தொப்பி போடும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பருத்தி நூல்தான் சரி. வியர்வையை உறிஞ்சும், குத்தாது, துவைக்கலாம். உல்லன் மப்ளரைப் பெங்களூரு, டெல்லி, டொராண்டோ உறவினர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்கணும்? குரோஷாவுக்கு 3.5 அல்லது 4 மி.மீ. கொக்கி ஊசி ஒன்று, நடுத்தரத் தடிமன் உள்ள பருத்தி நூல் ஒன்று, கத்தரிக்கோல், பெரிய காது உள்ள ஊசி. முதல் நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணியே தெரியாது. மேற்கு தாம்பரம் சண்முகம் சாலை போன்ற கடைத்தெருக்களின் பேன்சி ஸ்டோர்களில் விசாரிக்கலாம். மொத்தமாக வாங்குபவர்கள் பாரிமுனை, சவுகார்பேட்டை பக்கம் போவார்கள். பரிசுக்குத் தேவையான நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குவது நல்லது. அடுத்த தடவை அதே நிறம் கேட்டால் கொஞ்சம் சாயம் மாறி வரலாம்.

எதைப் பின்னலாம்? சங்கிலிக் கண்ணியும் அடிப்படைக் கண்ணியும் கைக்கு வந்துவிட்டால் டம்ளர் வைக்கும் கோஸ்டர், புக்மார்க், செல்போன் பை, தண்ணீர் பாட்டில் உறை எல்லாம் முடியும். கோஸ்டர் ஒன்று சரியாக வரவில்லை என்றாலும் ஆறில் ஒன்றுதான் போச்சு. ஸ்வெட்டர், போர்வை எல்லாம் இரண்டாவது வருஷத்துக்கு.

தையல் தெரிந்தவர்களுக்கு: பழைய பட்டுப்புடவையின் கிழியாத பகுதி இருந்தால் தாம்பூலப் பை தைக்கலாம். கொலுவுக்கு வருகிறவர்களுக்கு ரவிக்கைத் துணியோடு சேர்த்துக் கொடுக்க அழகாக இருக்கும். அம்மாவின் பழைய காட்டன் புடவையில் குழந்தைக்கு இரட்டைத் துணி விரிப்பு தைக்கலாம். இரண்டு மடிப்பையும் சேர்த்து வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போட்டால் போதும். தையல்காரரிடம் கேட்டால் வெட்டி மீந்த துணி கிடைக்கும். பொம்மைக்கு அடைக்க இலவம் பஞ்சு போதும்.

மறக்கக் கூடாத இரண்டு விஷயங்கள். புதுப் பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும். வெட்டும்போது சுற்றிலும் தையலுக்குத் துணி விடுங்கள்.

எப்போது தொடங்குவது? விசேஷத் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உங்களால் ஒரு வாரத்தில் எவ்வளவு முடியும் என்று ஒரு சின்ன சாம்பிள் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன்படி எத்தனை வாரம் வருகிறதோ, அதற்கு மேல் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் யாருக்காவது ஜுரம் வரும், மழை வரும், விருந்தாளி வருவார்.

குழந்தைக்குக் கொடுக்கும்போது கவனம்

கைவேலைப் பரிசுகளில் அதிகம் போவது குழந்தைகளுக்குத்தான். அதனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

சாக்ஸ், கையுறையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். காரணம் தெரியாமல் குழந்தை அழுதுகொண்டே இருந்தால் கால் விரல்களையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பொம்மைக்குப் பட்டன் கண், மணி கண் வேண்டாம். பிய்ந்து வாய்க்குள் போகும். கண், மூக்கை நூலாலேயே தையல் போட்டு வரையுங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, பஞ்சு பொம்மை வைக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மூச்சுத்திணறல் ஆபத்து உண்டு. தூங்கும்போது தொப்பியையும் கழற்றிவிட வேண்டும். உடல் சூட்டைக் குழந்தை தலை வழியாகவும் வெளியேற்றுகிறது. போர்வையைத் தாயின் மடியில், வண்டியில், தரையில் விரித்து விளையாட என்று சொல்லிக் கொடுங்கள்.

கழுத்தில் கட்டும் நீளமான நாடா வேண்டாம்.

கொடுக்கும்போது இதையும் செய்யுங்க

ஒரு சின்ன சீட்டில் எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். 'குளிர்ந்த தண்ணீர், கையால் அலசவும், தட்டையாக விரித்துக் காயப்போடவும்.' பின்னலைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் நீண்டுவிடும். மீந்த நூலில் ஒரு முழம் சேர்த்துக் கொடுத்தால், பின்னாளில் பிரிந்தால் அவர்களே ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம்.

'இந்த இடத்துல தப்பா வந்துடுச்சு' என்று நீங்களே விரல் வைத்துக் காட்ட வேண்டாம். பெரும்பாலும் யாருக்கும் அது தெரியப்போவதில்லை.

கொடுத்த பிறகு 'போட்டாங்களா, போட்டோ எடுத்தாங்களா' என்று கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். குழந்தை இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். தொப்பி பத்தாமல் போகும். அது இயல்புதான்.

பரிசு வாங்குபவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 'எவ்வளவு ஆச்சு?' என்று கேட்பதற்குப் பதில் 'எவ்வளவு நாள் ஆச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். செய்தவர் எந்த இடத்தில் தப்பு விட்டார், எத்தனை முறை உருவிப் போட்டார், மாம்பலத்தில் தொடங்கிய வரிசை தாம்பரம் வருவதற்குள் எப்படி முடிந்தது என்று ஒரு கதையே சொல்வார். அதைக் கேட்கப் பத்து நிமிஷம் கொடுத்தால், அவர் கொடுத்த ஒரு மாதத்துக்கு அது நல்ல பதில் மரியாதை.